டிக்கியில் பாஸ் கோளாறா? ஆம்பை மாற்றும் முன் பெட்டியைப் பாருங்கள்

காரில் சப்வூஃபர் (ஆழமான பாஸுக்கான பெரிய ஸ்பீக்கர்) மாட்டியாகிவிட்டது, பணமும் போயாகிவிட்டது, ஆனால் நினைத்த சத்தம் வரவில்லை. இந்த நிலைமையில் பெரும்பாலானோர் அடுத்துச் செய்வது இன்னும் பெரிய ஆம்ப் வாங்குவது. அப்புறம் இன்னும் பெரிய ஸ்பீக்கர். பெட்டி மட்டும் அதே பெட்டி. நானும் இந்த வழியில் போனவன்தான். என் முதல் 12 இன்ச் சப்வூஃபருக்கு இரண்டு ஆம்ப் மாற்றிப் பார்த்த பிறகுதான் டேப்பை எடுத்துப் பெட்டியை அளக்கத் தோன்றியது. 90 லிட்டர் என்று நம்பியிருந்த பெட்டிக்குள் ஸ்பீக்கருக்குக் கிடைத்த காற்று வெறும் 60 லிட்டர்.

ஸ்பீக்கருக்குப் பின்னால் இருக்கும் காற்று ஒரு ஸ்பிரிங். பெட்டி சிறிதானால் ஸ்பிரிங் விறைக்கும், பெரிதானால் தளரும், ஓட்டை விழுந்தால் ஸ்பிரிங்கே இல்லை. கீழே வரும் கோளாறுகளில் பாதிக்கு மேல் இந்த ஸ்பிரிங் பொருந்தாததால் வருபவை. உங்கள் காரில் என்ன கேட்கிறதோ அந்த அறிகுறிக்கு நேராகப் போகலாம். ஆனால் முதல் பகுதியை மட்டும் தாண்ட வேண்டாம்.

எதையும் கழற்றுவதற்கு முன்

ஹெட் யூனிட்டில் (டாஷ்போர்டில் இருக்கும் பிளேயர்) ஈக்வலைசரை நேராக்குங்கள், லவுட்னெஸ்ஸை அணையுங்கள். ஆம்பில் பாஸ் பூஸ்டைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். லோ பாஸ் ஃபில்டரை, அதாவது குறிப்பிட்ட ஹெர்ட்ஸுக்கு மேல் உள்ளதைச் சப்வூஃபருக்குப் போகவிடாமல் தடுக்கும் திருகியை, 80 ஹெர்ட்ஸில் வையுங்கள். இதைச் செய்தவுடனேயே கோளாறு போய்விட்டது என்று சொல்பவர்கள் உண்டு. அப்படியானால் உங்கள் பெட்டியில் குறை இல்லை, விரல்களில்தான்.

போனில் ஒரு டோன் ஜெனரேட்டர் ஆப் போட்டுக்கொள்ளுங்கள். 25 முதல் 80 ஹெர்ட்ஸ் வரை ஐந்தைந்தாக ஏற்றி, மிதமான சத்தத்தில் கேட்டு, எங்கே எகிறுகிறது, எங்கே காணாமல் போகிறது என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். பாட்டை வைத்துச் சோதித்தால் ஒவ்வொரு பாட்டுக்கும் ஒவ்வொரு முடிவு வரும். டோனை வைத்தால் அப்படி நழுவ முடியாது.

அடுத்தது டேப். பெட்டியின் வெளி அளவு 70, 36, 36 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பெருக்கினால் 90.7 லிட்டர். பலகை 18 மில்லிமீட்டர் எம்டிஎஃப் என்றால் ஒவ்வொரு பக்கத்திலும் இருமுறை 1.8 கழிய வேண்டும். உள்ளே 66.4, 32.4, 32.4. அது 69.7 லிட்டர்தான். பலகை மட்டும் 21 லிட்டரைத் தின்றுவிட்டது. இதிலிருந்து ஸ்பீக்கரின் பின்பகுதி, போர்ட் (காற்று வெளியே போய்வர வைத்த பைப் அல்லது திறப்பு), உள்ளே குறுக்கே வைத்த தாங்கு கட்டை எல்லாவற்றையும் கழித்தால் 60 பக்கம் நிற்கும். இந்த நிகர அளவுதான் கணக்கு. பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருப்பது பல நேரம் இது அல்ல.

கடைசியாக ஸ்பீக்கரோடு வந்த தாளைத் தேடி எடுங்கள். அதில் எஃப்எஸ், க்யூடிஎஸ், விஏஎஸ் என்று சில எண்கள் இருக்கும். எஃப்எஸ் என்பது ஸ்பீக்கர் பெட்டியில்லாமல் இயல்பாக அதிரும் ஹெர்ட்ஸ், க்யூடிஎஸ் அந்த அதிர்வு எவ்வளவு கட்டுப்பாட்டில் இருக்கிறது என்ற எண், விஏஎஸ் ஸ்பீக்கரின் சஸ்பென்ஷன் விறைப்புக்குச் சமமான காற்றின் லிட்டர். 1961இல் பொறியாளர் நெவில் தீல் எழுதிய ஆய்வும், 1970களின் தொடக்கத்தில் ரிச்சர்ட் ஸ்மால் அதை விரித்து எழுதியவையும் சேர்ந்து இந்த எண்களுக்குத் தீல்-ஸ்மால் அளவுகள் என்று பெயர் வந்தது. வாட்ஸ் எவ்வளவு என்று கேட்கும் நேரத்தில் இந்த மூன்றையும் கேட்டால் உருப்படியாக இருக்கும்.

டிக்கியைத் திறந்தால் அதிர்கிறது, மூடிவிட்டு உள்ளே உட்கார்ந்தால் ஒன்றும் இல்லை

இது செடான் காரர்களின் நிரந்தரப் புலம்பல். ஹேட்ச்பேக்கிலும் எஸ்யூவியிலும் டிக்கியும் கேபினும் ஒரே காற்றறை. செடானில் நடுவே பின்சீட், அதன் பின்னால் தகடு, மேலே பார்சல் ட்ரே. பாஸ் இவற்றைத் தாண்டி வர வேண்டும்.

ஒரு சோதனை: பின்சீட்டின் சாய்மானத்தை மடக்கிவிட்டு அதே டோன்களைக் கேளுங்கள். சட்டென்று பாஸ் வந்துவிட்டால் பெட்டி நன்றாகத்தான் இருக்கிறது, வழிதான் இல்லை. நடு ஆர்ம்ரெஸ்டுக்குப் பின்னால் திறப்பு இருக்கும் கார்களில் அதைத் திறந்து வைத்தாலே பெரிய வித்தியாசம் தெரியும். பார்சல் ட்ரேயின் அடியில் பழைய ஸ்பீக்கர் ஓட்டைகள் இருந்தால் அவையும் வழிதான்.

சீட்டை மடக்கியும் மாற்றமில்லையென்றால் பெட்டியை இடம் மாற்றிப் பாருங்கள். பெட்டி சீட்டை ஒட்டி, ஸ்பீக்கர் முன்பக்கம் பார்த்து இருக்கிறது என்று வைப்போம். ஒரு பங்கு ஒலி நேராக முன்னால் வரும். இன்னொரு பங்கு பின்னால் போய் டிக்கி மூடியில் மோதித் திரும்பும். மூடி 1 மீட்டர் தூரத்தில் இருந்தால், திரும்பும் ஒலி 2 மீட்டர் கூடுதலாகப் பயணம் செய்கிறது. ஒலியின் வேகம் நொடிக்கு 343 மீட்டர். அதன்படி 86 ஹெர்ட்ஸ் பக்கம் இரண்டும் எதிரெதிராக வந்து ஒன்றையொன்று அழிக்கும். டிரம்மின் அடி இருக்கும் இடம் அதுதான். ஸ்பீக்கரைப் பின்பக்கம் திருப்பி, பெட்டியையும் பின்னால் தள்ளி டிக்கி மூடிக்குப் பக்கத்தில் வைத்தால் இந்தக் கூடுதல் தூரம் சுருங்குகிறது, ஒலி அழியும் அந்தப் பள்ளமும் மேலே ஏறி 80 ஹெர்ட்ஸ் ஃபில்டரைத் தாண்டிவிடுகிறது. பெட்டியை 15 சென்டிமீட்டர் படியாக நகர்த்தி, ஒவ்வொரு முறையும் டிக்கியை மூடி, ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து கேளுங்கள். டிக்கி பக்கத்தில் நின்று கேட்டுவிட்டு முடிவெடுக்காதீர்கள். நீங்கள் அங்கே உட்கார்ந்து வண்டி ஓட்டப்போவதில்லை.

முன்பக்கம் பார்த்தே வைக்க வேண்டுமென்றால் இன்னொரு வழி உண்டு. பெட்டியின் முகத்துக்கும் சீட்டின் திறப்புக்கும் இடையில் உள்ள இடைவெளியை நுரை வைத்துச் சுற்றிலும் அடைத்துவிட்டால், ஒலி முழுவதும் கேபினுக்குள்தான் போகும், டிக்கிக்குத் திரும்பாது. வேலை அதிகம். செய்தால் செடானில் இதைவிடச் சுத்தமான பாஸ் கிடைப்பது கஷ்டம்.

எந்தப் பாட்டுப் போட்டாலும் ஒரே ‘பூம்’

பாஸ் கிதார் நான்கு ஸ்வரம் வாசிக்கிறது, உங்களுக்குக் கேட்பது ஒன்றே ஒன்று. டோன் குறிப்பை எடுத்துப் பாருங்கள். ஒரே இடத்தில், உதாரணமாக 45 அல்லது 50 ஹெர்ட்ஸில் மட்டும், எகிறியிருக்கும்.

பெட்டி போர்ட்டட் (போர்ட் வைத்தது) என்றால் ட்யூனிங், அதாவது போர்ட் பலமாக ஒலிக்கும் ஹெர்ட்ஸ், மேலே இருக்கிறது என்பதுதான் முதல் சந்தேகம். கடையில் தயாராகக் கிடைக்கும் போர்ட்டட் பெட்டிகள் பலவற்றில் போர்ட் குட்டையாக இருக்கும். குட்டைப் போர்ட் 45, 50 ஹெர்ட்ஸில் கத்தும். கடையில் கேட்கும்போது ‘அடி பலம்’ என்று தோன்றும், இரண்டு வாரத்தில் தலைவலி. உங்கள் பெட்டியின் ட்யூனிங் எங்கே என்று கண்டுபிடிக்கக் கருவி தேவையில்லை. கோனில் (ஸ்பீக்கரின் ஆடும் முகம்) ஒரு சின்ன வெள்ளை ஸ்டிக்கரை ஒட்டி, சத்தத்தைக் குறைவாக வைத்து, 60 ஹெர்ட்ஸிலிருந்து ஒவ்வொன்றாகக் கீழே இறங்குங்கள். கோனின் ஆட்டம் ஓரிடத்தில் கிட்டத்தட்ட நின்றுவிடும், ஆனால் போர்ட்டில் கை வைத்தால் காற்று அடிக்கும். அதுதான் ட்யூனிங். இன்னும் கீழே போனால் கோன் மறுபடி ஆட ஆரம்பிக்கும். தினசரிப் பாட்டுக்கு 32 முதல் 36 ஹெர்ட்ஸ் வரை இருந்தால் நிம்மதி.

போர்ட் இல்லாமல் முழுக்க அடைத்த சீல்டு பெட்டியில் இதே ‘பூம்’ வந்தால் பெட்டி ஸ்பீக்கருக்குச் சிறிது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஸ்பீக்கர் தாளில் க்யூடிஎஸ் 0.5, விஏஎஸ் 60 லிட்டர், எஃப்எஸ் 28 ஹெர்ட்ஸ். விஏஎஸ்ஸைப் பெட்டியின் நிகர லிட்டரால் வகுத்து, 1 கூட்டி, வர்க்கமூலம் எடுத்து, அதை க்யூடிஎஸ்ஸோடு பெருக்க வேண்டும். வருவது பெட்டியோடு சேர்ந்த க்யூ. அதே வர்க்கமூலத்தை எஃப்எஸ்ஸோடு பெருக்கினால் பெட்டிக்குள் ஸ்பீக்கரின் புதிய ஒத்ததிர்வு, அதாவது பெட்டியோடு சேர்ந்து அது இயல்பாக அதிரும் ஹெர்ட்ஸ்.

20 லிட்டர் பெட்டி: க்யூ 1.0, ஒத்ததிர்வு 56 ஹெர்ட்ஸ்.
30 லிட்டர் பெட்டி: க்யூ 0.87, ஒத்ததிர்வு சுமார் 48.
60 லிட்டர் பெட்டி: க்யூ 0.707, ஒத்ததிர்வு சுமார் 40.

0.707 என்பது மேடு பள்ளம் இல்லாத சமநிலை. 1.0இல் ஒரு டெசிபலுக்குச் சற்று அதிகமான மேடுதான் வரும், அதுவே பெரிய குற்றம் அல்ல. ஆனால் காரின் கேபினும் தன் பங்குக்கு அதே பகுதியை ஏற்றிவிடும், அதன் மேல் பாஸ் பூஸ்ட் திருகி வழக்கமாக 45 ஹெர்ட்ஸில் உட்கார்ந்திருக்கும். மூன்றும் ஒரே இடத்தில் சேர்ந்தால் ‘பூம்’. அதனால்தான் பூஸ்டை முதலில் பூஜ்யமாக்கச் சொன்னேன்.

சீல்டு பெட்டியை இடிக்காமல் கொஞ்சம் பெரிதாக்கலாம். தலையணைப் பஞ்சு மாதிரியான பாலியஸ்டர் நாரை உள்ளே தளர்வாக நிரப்பினால், பெட்டி 10 முதல் 20 சதவீதம் பெரிதானது போல ஸ்பீக்கருக்குத் தோன்றும். அமுக்கித் திணிக்கக் கூடாது. 20 லிட்டரை 60 லிட்டராக்கும் மந்திரம் இதில் இல்லை. எல்லைக்கோட்டில் நிற்கும் பெட்டிக்குத்தான் இது உதவும்.

பேண்ட்பாஸ் பெட்டி வைத்திருக்கிறீர்களா? ஸ்பீக்கர் வெளியே தெரியாமல், கண்ணாடி ஜன்னலும் விளக்கும் போட்டு வருமே, அது. ஒரு குறுகிய பகுதியை மட்டும் பலமாகத் தருவதுதான் அதன் பிறவிக் குணம். நீங்கள் கேட்பது கோளாறே அல்ல, அந்தப் பெட்டி அப்படித்தான்.

சத்தம் இருக்கிறது, அடி இல்லை

மெலிந்து, தூரத்தில் கேட்பதுபோல் இருக்கும் பாஸ். வயரிங், கசிவு, பெட்டி என்ற வரிசையில் பாருங்கள், ஏனென்றால் செலவும் அதே வரிசையில்தான் ஏறும்.

ஆம்பிலோ ஹெட் யூனிட்டிலோ ஃபேஸ் சுவிட்ச் இருந்தால் 0-விலிருந்து 180க்கு மாற்றுங்கள். இல்லையென்றால் ஆம்பை அணைத்துவிட்டு சப்வூஃபரின் பிளஸ், மைனஸை இடம் மாற்றுங்கள். எது பலமாகக் கேட்கிறதோ அது சரி. கதவு ஸ்பீக்கர்களும் சப்வூஃபரும் 80 ஹெர்ட்ஸ் பக்கம் எதிரெதிராக இழுத்துக்கொண்டிருந்தால் இதிலேயே தீர்ந்துவிடும்.

ஒரே பெட்டியில் இரண்டு ஸ்பீக்கர் இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். ஒன்று வெளியே வரும்போது மற்றொன்று உள்ளே போனால் பாஸ் கிட்டத்தட்ட முழுவதும் செத்துவிடும். ஆம்பிலிருந்து வயரைக் கழற்றி, 1.5 வோல்ட் பென்டார்ச் பேட்டரியின் பிளஸ்ஸை ஒவ்வொரு ஸ்பீக்கரின் பிளஸ்ஸிலும் மைனஸை மைனஸிலும் ஒரு நொடி தொட்டுப் பாருங்கள். இரண்டும் வெளிப்பக்கம் அசைய வேண்டும். ஸ்பீக்கரில் இரட்டை வாய்ஸ் காயில் (கோனை ஆட்டும் கம்பிச்சுருள்) என்றால் இரண்டு காயிலையும் தனித்தனியே சோதியுங்கள். ஒரே ஸ்பீக்கருக்குள் இரண்டு காயிலும் சண்டை போட்டால் கோன் அசையாது, காயில் மட்டும் சூடாகும்.

அடுத்தது கசிவு. சீல்டு பெட்டியில் இரண்டு உள்ளங்கையையும் கோனின் இருபுறமும் சமமாக வைத்து மெதுவாக உள்ளே அழுத்திப் பிடியுங்கள். கையில் தெரியும் எதிர்ப்பு அப்படியே இருக்க வேண்டும். சில நொடிகளில் தளர்ந்துபோனால் எங்கோ காற்று போகிறது. நான் பார்த்தவரை மூலைகளைவிட வயர் மாட்டும் டெர்மினல் கப்தான் அதிகம் கசியும், அதற்கடுத்து ஸ்பீக்கர் விளிம்பின் கேஸ்கெட். 40 ஹெர்ட்ஸ் டோனை ஓடவிட்டு, ஒரு மெல்லிய டிஷ்யூ துண்டை இணைப்புகளின் ஓரமாக நகர்த்துங்கள். அது படபடக்கும் இடம்தான் ஓட்டை. உள்பக்கம் சிலிக்கான் பூசி அடைத்தால், ஸ்பீக்கரைத் திருப்பி மாட்டும் முன் ஒரு முழு நாள் காயவிடுங்கள். புளித்த வாடை அடிக்கும் வகைச் சிலிக்கானின் ஆவி, ஸ்பீக்கரின் பசையையும் நுரை விளிம்பையும் கெடுக்கும்.

இரண்டும் சரியாக இருந்து, 40 ஹெர்ட்ஸுக்குக் கீழே மட்டும் ஒன்றுமே கேட்கவில்லையென்றால், இப்போதுதான் பெட்டி. ஒத்ததிர்வு 56 ஹெர்ட்ஸில் நிற்கும் குட்டி சீல்டு பெட்டி அதற்குக் கீழே ஒவ்வொரு ஆக்டேவுக்கும் (ஹெர்ட்ஸ் பாதியாகும் ஒவ்வொரு முறையும்) 12 டெசிபல் இழக்கிறது. அதைப் பூஸ்டால் ஈடுகட்டப் பார்த்தால், 3 டெசிபலுக்கு இரண்டு மடங்கு, 6க்கு நான்கு மடங்கு, 12க்குப் பதினாறு மடங்கு பவர் வேண்டும். பெரிய ஆம்ப் வாங்கியும் பயனில்லாமல் போவது இதனால்தான்.

போர்ட்டிலிருந்து ‘புஸ் புஸ்’ என்று காற்றுச் சத்தம்

போர்ட்டுக்குள் காற்றின் வேகம் அதிகமாகிவிட்டது. நொடிக்கு 17 மீட்டருக்குக் கீழே வைத்திருந்தால் பேச்சே இல்லை. காரில் இன்ஜின், டயர் சத்தம் இருப்பதால் இன்னும் கொஞ்சம் தாங்கும்.

மூன்று இன்ச் பைப் ஒன்றை வைத்துவிட்டு 12 இன்ச் ஸ்பீக்கரை முறுக்கினால் இந்தச் சத்தம் வந்தே தீரும். தீர்வு பெரிய போர்ட், ஆனால் அதில் ஒரு பொறி இருக்கிறது. 50 லிட்டர் நிகரப் பெட்டியை 32 ஹெர்ட்ஸுக்கு ட்யூன் செய்ய வேண்டும் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டேன்:

3 இன்ச் பைப் என்றால் நீளம் சுமார் 21 சென்டிமீட்டர்.
4 இன்ச் என்றால் சுமார் 40.
6 இன்ச் என்றால் சுமார் 95.

விட்டத்தைப் பெரிதாக்கினால் நீளம் தாவி ஏறுகிறது. 21 சென்டிமீட்டர் நீளத்திலேயே 6 இன்ச் பைப்பை வைத்துவிட்டு ‘போர்ட்டைப் பெரிதாக்கிவிட்டேன், சத்தம் போய்விட்டது, ஆனால் பாஸும் போய்விட்டது’ என்று வந்து நிற்பவர்கள் இந்த இடத்தில்தான் சறுக்கியிருப்பார்கள். ட்யூனிங் எங்கோ மேலே ஓடியிருக்கும். அதோடு, 95 சென்டிமீட்டர் நீளப் பைப் 17 லிட்டருக்கு மேல் இடத்தைப் பிடிக்கும். அந்த 17 லிட்டரையும் சேர்த்துத்தான் பெட்டி அடிக்க வேண்டும்.

அதனால் பெரிய போர்ட் வேண்டுமென்றால் பெட்டிச் சுவரையே ஒரு பக்கமாகக் கொண்டு, ‘எல்’ வடிவில் மடங்கும் பலகைப் போர்ட்தான் நடைமுறைக்கு ஒத்துவரும். ஒரு பொது அளவு, பெட்டியின் நிகர 28 லிட்டருக்கு 77 முதல் 100 சதுர சென்டிமீட்டர் போர்ட் வாய். பைப் என்றால் உள்முனைக்கும் எதிர்ச்சுவருக்கும் நடுவில் குறைந்தது பைப்பின் விட்டம் அளவாவது இடம் விடுங்கள். இரு முனைகளும் எக்காளம் மாதிரி விரிந்த பைப் கிடைத்தால் அதையே வாங்குங்கள். கூரான விளிம்பில்தான் காற்று சுழன்று சத்தம் போடும்.

போர்ட்டின் வாயைச் சீட்டோடும் டிக்கிச் சுவரோடும் ஒட்டி வைத்திருந்தாலும் இதே சத்தம் வரும். பைகளை ஏற்றியபின் ‘புஸ்’ வருகிறது என்றால் போர்ட்டை எது மறைக்கிறது என்று பாருங்கள், பெட்டியைத் திட்ட வேண்டாம்.

கோன் தாறுமாறாகத் தாவுகிறது, சில பாட்டில் ‘டக்’ என்று தட்டுகிறது

‘டக்’ கேட்டால் உடனே சத்தத்தைக் குறையுங்கள். வாய்ஸ் காயில் சுற்றியிருக்கும் உருளை பின்தகட்டில் மோதுகிறது. பத்து முறை மோதினால் போதும், அப்புறம் ஒவ்வொரு ஸ்வரத்திலும் கரகரவென்று உராயும், அதற்கு வைத்தியம் கிடையாது.

போர்ட்டட் பெட்டியில் இது பெரும்பாலும் ட்யூனிங்குக்குக் கீழே நடக்கிறது. ட்யூனிங்கில் கோன் கிட்டத்தட்ட நிற்கிறது என்று மேலே பார்த்தோம். அதற்குக் கீழே போனால் போர்ட்டில் உள்ள காற்று தடையில்லாமல் உள்ளேயும் வெளியேயும் போய்வரும், பெட்டி ஸ்பிரிங்காக வேலை செய்யாது. ஸ்பீக்கரைப் பெட்டியே இல்லாமல் கையில் பிடித்து ஓட்டுவது போலத்தான். 32 ஹெர்ட்ஸ் பெட்டியில் 22 ஹெர்ட்ஸ் வரும் பாட்டுப் போட்டால் காதுக்கு ஒன்றும் வராது, கோன் மட்டும் உயிரை விடும்.

ஆம்பில் சப்சோனிக் ஃபில்டர் (மிக ஆழமான ஒலியை வெட்டுவது) இருந்தால் அதைத் ட்யூனிங்கில் எண்பது சதவீதத்தில் வையுங்கள். 32க்கு 25 அல்லது 26. ஃபில்டர் இல்லாத ஆம்ப் வைத்திருப்பவர் போர்ட்டட் பெட்டி வாங்குவதற்கு முன் இரண்டு முறை யோசிக்கட்டும்.

சீல்டு பெட்டியில் கோன் இப்படித் தாவினால் இரண்டே காரணம். பெட்டி கசிகிறது, அல்லது ஸ்பீக்கருக்கு ரொம்பப் பெரிது. 1954இல் எட்கர் வில்சர் தன் ஏஆர்-1 ஸ்பீக்கரில் அடைத்த காற்றையே ஸ்பிரிங்காக வைத்துக் காட்டினார். அந்தக் காற்று தாங்கும் என்று நம்பித்தான் இன்றைய தளர்வான சஸ்பென்ஷன் கொண்ட சப்வூஃபர்களும் செய்யப்படுகின்றன. தாங்கல் இல்லையென்றால் தாவத்தான் செய்யும். பெரிய பெட்டிக்கு வைத்தியம் எளிது: உள்ளே ஒரு மரக்கட்டையை அசையாமல் திருகி, கொள்ளளவைக் குறைத்து, மறுபடி கேளுங்கள்.

கருகிய வாடை

வார்னிஷ் கருகும் வாடை வந்தால் வாய்ஸ் காயில் சுடுகிறது. அன்றைக்குப் பாட்டை நிறுத்திவிட்டு மல்டிமீட்டரில் அளந்து பாருங்கள். 4 ஓம் காயில் சுமார் 3.2 முதல் 3.8 ஓம் வரை காட்ட வேண்டும். ரொம்பக் குறைவாகவோ முடிவிலியாகவோ காட்டினால் ஸ்பீக்கர் போய்விட்டது.

இங்கே பெட்டியைவிட ஆம்பின் கெயின் திருகிதான் முக்கியக் குற்றவாளி. அதை வால்யூம் மாதிரி முழுக்கத் திருகி வைத்து, ஆம்ப் கிளிப் ஆகி (தன் எல்லையைத் தாண்டி ஒலியலையின் முனைகளை வெட்டி), காயிலுக்கு ஓய்வே இல்லாமல் சூடேறுகிறது. ஆனால் பெட்டிக்கும் பங்கு உண்டு. தேவையான ஆழத்தைத் தராத பெட்டியில் அந்த ஆழத்தைத் தேடி நீங்கள் திருகிக்கொண்டே போகிறீர்கள். பேண்ட்பாஸில் இது இன்னும் மோசம், ஸ்பீக்கர் கதறுவது போர்ட்டைத் தாண்டி வெளியே கேட்பதே இல்லை. வாடைதான் முதல் எச்சரிக்கை.

பின்சீட்டில் அதிர்கிறது, ஓட்டுநருக்கு மட்டும் இல்லை

பெட்டியை மாற்றத் தேவையில்லை. ஃபேஸ் சுவிட்ச், லோ பாஸ் 80-ஐ 70 அல்லது 60 ஆக்குவது, ஹெட் யூனிட்டில் டைம் அலைன்மென்ட் இருந்தால் கதவு ஸ்பீக்கர்களுக்குச் சில மில்லிசெகண்ட் தாமதம். இந்த மூன்றையும் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தபடி ஒவ்வொன்றாக மாற்றினால் போதும்.

கடகடவென்று எங்கோ தகடு அடிக்கிறது

35 முதல் 60 வரை டோனை மெதுவாக ஏற்றிக்கொண்டே போங்கள், இன்னொருவர் வெளியே நின்று கையால் அழுத்திப் பார்க்கட்டும். நம்பர் பிளேட், டிக்கி மூடியின் உள்தகடு, ஸ்டெப்னியின் அடியில் கிடக்கும் ஜாக், பார்சல் ட்ரேயின் ஓரம் என்று ஒன்றொன்றாகப் பிடிபடும். நம்பர் பிளேட்டுக்குப் பின்னால் நுரைத் துண்டு, தகடுகளுக்கு அலுமினியம் ஒட்டிய பியூட்டைல் ஷீட். தகடு முழுவதும் ஒட்டி மறைக்க வேண்டியதில்லை, அதிரும் நடுப்பகுதியில் ஒட்டினாலே சத்தம் அடங்கும்.

பெட்டியே அதிர்ந்தால் வேறு விஷயம். பெரிய பலகையின் நடுவில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். துடிப்பு தெரிந்தால் உள்ளே எதிரெதிர்ச் சுவர்களை இணைத்து ஒரு கட்டை கொடுக்க வேண்டும். 12 மில்லிமீட்டர் பலகையில் அடித்த பெட்டிகளுக்கு இது சாதாரணம். 18 மில்லிமீட்டர் எம்டிஎஃப் அல்லது நல்ல ப்ளைவுட் போதும். ப்ளைவுட் எடை குறைவு, ஈரத்தையும் கொஞ்சம் தாங்கும். எம்டிஎஃப் தண்ணீர் பட்டால் உப்பிவிடும், டிக்கியின் ரப்பர் கசியும் காரில் வேண்டவே வேண்டாம்.

இத்தனையும் பார்த்து, பெட்டியைத்தான் மாற்றணும் என்றால்

ஸ்பீக்கர் தாளை எடுங்கள். எஃப்எஸ்ஸை க்யூஇஎஸ்ஸால் (க்யூடிஎஸ்ஸில் மின்காந்தக் கட்டுப்பாட்டின் பங்கை மட்டும் குறிக்கும் எண்) வகுங்கள். 50 பக்கமோ அதற்குக் கீழோ வந்தால் சீல்டு, 100க்கு மேல் போனால் போர்ட்டட், நடுவில் நின்றால் இரண்டும் ஓடும். மேலே கணக்குப் போட்ட ஸ்பீக்கருக்கு எஃப்எஸ் 28, க்யூஇஎஸ் 0.55 என்றால் 51. சீல்டு பக்கம் சாய்கிறது.

அப்புறம் கார். கேபினின் நீளம் அரை அலைநீளத்துக்குச் சமமாகும் இடத்திலிருந்து கீழே, கார் தானாகவே பாஸை ஏற்றிக் கொடுக்கும். 2.7 மீட்டர் கேபினுக்கு அந்த இடம் 63 ஹெர்ட்ஸ் பக்கம். சீல்டு பெட்டி கீழே இழப்பதைக் கேபின் மேலே தூக்கித் தருவதால், ஹேட்ச்பேக்கில் ஒரு நல்ல சீல்டு பெட்டி காகிதத்தில் தெரிவதைவிட ஆழமாகக் கேட்கும். ஹேட்ச்பேக்குக்கு என் முதல் தேர்வு எப்போதும் அதுதான். செடானில் தடையைத் தாண்ட வேண்டியிருப்பதால் 33 ஹெர்ட்ஸ் பக்கம் ட்யூன் செய்த போர்ட்டட் பெட்டிக்கு நியாயம் உண்டு, இடமும் சப்சோனிக் ஃபில்டரும் இருந்தால். பெட்டியே இல்லாமல் டிக்கியையே பெட்டியாக்கும் முறையும் செடானில் நடக்கும், ஆனால் க்யூடிஎஸ் 0.6க்கு மேல் உள்ள ஸ்பீக்கரும், டிக்கிக்கும் கேபினுக்கும் நடுவே ஓட்டையில்லாத சுவரும் வேண்டும். சுவரில் விரல் நுழையும் ஓட்டை இருந்தாலும் முன் அலையும் பின் அலையும் சந்தித்து அழிந்துவிடும்.

டிக்கியை அளக்கும்போது உள்ளளவை மட்டும் எடுக்காதீர்கள். பெட்டி நுழைய வேண்டிய வாயை அளங்கள், அதுதான் குறுகலானது. செடானில் மூடியைச் சாத்தும்போது வளைந்த கீல் கரங்கள் டிக்கிக்குள் இறங்கும். அவை வந்து நிற்கும் இடத்தை அட்டை வைத்துக் குறியுங்கள், இல்லையென்றால் புதுப் பெட்டியின் மூலையில் முதல் நாளே வடு விழும். சீட்டின் சாய்வுக்கு ஏற்ற ஆப்பு வடிவப் பெட்டி என்றால் மேல் ஆழத்தையும் கீழ் ஆழத்தையும் கூட்டி இரண்டால் வகுத்து, அதை உயரத்தோடும் அகலத்தோடும் பெருக்குங்கள். பெட்டியை வைத்தபின் ஸ்டெப்னி எடுக்க முடியுமா என்று ஒருமுறை எடுத்தே பாருங்கள்.

மாட்டும்போது பேட்டரியின் மைனஸைக் கழற்றிவிட்டு ஆரம்பியுங்கள். பவர் வயரில் ஃபியூஸ் பேட்டரியிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் இருக்கட்டும். 30 கிலோ பெட்டி சும்மா உட்கார்ந்திருந்தால் சடன் பிரேக்கில் பின்சீட்டின் முதுகில் வந்து மோதும். ‘எல்’ கிளாம்ப் போட்டுத் தரையில் திருகுங்கள், அல்லது டிக்கியில் ஏற்கெனவே இருக்கும் கொக்கிகளில் பெல்ட் போட்டு இறுக்குங்கள். திருகுவதாக இருந்தால் முதலில் காருக்கு அடியில் குனிந்து பாருங்கள். பல கார்களில் அந்த இடத்துக்கு நேர் கீழே பெட்ரோல் டேங்க் இருக்கும்.